டிரையல் முடிவு வருமுன் எழுதவேண்டிய ஒரு பக்கம்

ஒரு சிகிச்சையோ திட்டமோ பலன் தருகிறதா என்று இரு குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இடையீட்டு ஆய்வு (டிரையல்) ஒன்றுக்குப் புரோட்டோகால், அதாவது செய்முறைத் திட்டம், எழுத மாதக்கணக்கில் உழைக்கிறோம். ஆட்களைச் சேர்க்க வருடக்கணக்கில் அலைகிறோம். முடிவுகள் கைக்கு வந்தபின் ‘இதை வைத்து என்ன செய்யப்போகிறோம்’ என்று தீர்மானிக்க ஒதுக்குவதோ ஒரே ஒரு மதியக் கூட்டம். அங்கே ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த அட்டவணையைக் கையில் எடுத்துக்கொள்வார். ஒருவர் பி-மதிப்பை (பலனே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை) காட்டுவார், இன்னொருவர் பெண்களிடம் மட்டும் தெரிந்த பலனைக் காட்டுவார், மூன்றாமவர் ‘மாதிரி அளவு போதவில்லை’ என்பார். கடைசியில் மூத்தவர் சொன்னது தீர்மானமாகும்.

இது குழுவின் நேர்மைக் குறைவு ஆகாது, தயாரிப்புக் குறைவு. எண்களைப் பார்த்தபிறகு விதியை எழுதினால், பார்த்த எண்ணுக்கு ஏற்றபடி விதி வளையும். நல்லவர்களிடமும் வளையும். அதனால் குழுவைத் தயார் செய்வது என்றால் புள்ளியியல் வகுப்பு எடுப்பது என்று நினைக்கவேண்டாம். எந்த எண் எங்கே விழுந்தால் என்ன செய்வோம் என்பதை எண் தெரியாதபோதே எழுதி, அதைப் பொய்த் தரவில் ஓட்டிப் பார்ப்பதுதான் முக்கால் பங்கு வேலை.

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஒரு கற்பனை உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை நர்ஸ் நான்கு முறை போனில் அழைத்து, மருந்து, உணவு, அபாய அறிகுறிகள் பற்றிப் பேசுகிறார். அழைப்பு ஒவ்வொன்றும் 15 நிமிடம். 90 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆவது குறைகிறதா என்பது கேள்வி.

தீர்மானப் பக்கம்

டேட்டாபேஸைப் பூட்டுவதற்கு (இனித் திருத்தம் இல்லை என்று தரவை மூடுவதற்கு) குறைந்தது இரண்டு மாதம் முன்பு, குழுவாரியான எண்ணை யாரும் பார்க்காத நிலையில், ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரே பக்கம். அதற்கு மேல் போனால் கூட்டத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். எல்லோரும் கையெழுத்திட்டுத் தேதி போடவேண்டும்.

முதல் வரி, எடுக்கவேண்டிய தீர்மானம். ‘திட்டம் பயனுள்ளதா?’ என்று எழுதினால் அது தீர்மானம் ஆகாது. ‘எல்லா வார்டுகளுக்கும் விரிப்பதா, நான்கு அழைப்பை இரண்டாகக் குறைத்து இன்னொரு டிரையல் நடத்துவதா, கைவிடுவதா’ என்று எழுதினால் அது தீர்மானம். வழிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க முடியவேண்டும். ஒவ்வொரு வழியையும் மறுநாளே தொடங்கக்கூடிய நிலையில் ஒருவர் இருக்கவேண்டும். அடுத்து, தீர்மானிப்பவர் யார் என்பது. ஆய்வுக்குழு பரிந்துரை மட்டும் செய்கிறதா, அல்லது அதுவே முடிவெடுக்கிறதா? இதைச் சொல்லாமல் விட்ட இடங்களில், மூன்று வாரம் விவாதித்துக் கண்டதை நிதி தரும் தரப்பு ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடும்.

மூன்றாவது, முதன்மை விளைவின் வரையறை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 90 நாளுக்குள் இறந்துபோனவரை எப்படி எண்ணுவது? கணினியில் அவருக்கு ‘மறுபடி அட்மிட் ஆகவில்லை’ என்றுதான் இருக்கும். அப்படியே எண்ணினால் இறப்பு கூடும் சிகிச்சை நல்ல சிகிச்சையாகத் தெரியும்! ‘மறு அட்மிஷன் அல்லது இறப்பு’ என்று இரண்டையும் சேர்த்து வரையறுப்பது ஒரு வழி. அது போல, 90 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? ரேண்டமைசேஷன் (யார் எந்தக் குழு என்று குலுக்கல் போலப் பிரிப்பது) நடந்த நாளா, வீடு திரும்பிய நாளா? இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் இருந்தால், அந்த மூன்று நாளில் வார்டிலேயே நிலைமை மோசமானவர் எந்தக் கணக்கில் வருவார்? வேறு மருத்துவமனையில் அட்மிட் ஆனவர்? மருந்து ஆய்வு விதிகளை நாடுகளிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஹெச் அமைப்பு 2019-ல் வெளியிட்ட, டிரையல் புள்ளியியலுக்கான இ9 வழிகாட்டியின் இணைப்பு, இத்தகைய இடைநிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கையாளவேண்டும் என்று கேட்கிறது. எதை மதிப்பிடுகிறோம் என்பதன் துல்லிய வரையறைக்கு அது வைத்த பெயர் எஸ்டிமாண்ட்; அந்தப் பெயர் குழுவை மிரட்டினால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ‘யாருக்கு என்ன நடந்தால் எப்படி எண்ணுவோம்’ என்ற பட்டியல் போதும்.

நான்காவதுதான் பக்கத்தின் உயிர்: குறைந்தபட்சப் பயன். எவ்வளவு குறைந்தால் இந்த உழைப்புக்குத் தகும்? மாதிரி அளவு கணக்கிடும்போது போட்ட வித்தியாசத்தை இங்கே அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அது பல நேரங்களில் கிடைக்கக்கூடிய ஆட்கள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி பின்னிருந்து கணக்கிட்ட எண்ணாக இருக்கும். குறைந்தபட்சப் பயனை வேலைச் சுமையிலிருந்து கட்டுங்கள். நூறு நோயாளிக்கு நான்கு அழைப்பு, 15 நிமிடம் வீதம், மொத்தம் 100 மணி நேர நர்ஸ் வேலை. மறு அட்மிஷன் 2 சதவீதப் புள்ளி குறைந்தால் ஒரு அட்மிஷனைத் தவிர்க்க 50 மணி நேரம். 5 புள்ளி குறைந்தால் 20 மணி நேரம். 8 புள்ளி குறைந்தால் பன்னிரண்டரை மணி நேரம். இந்த மூன்று எண்ணையும் வார்டு நர்ஸ், நிர்வாகி, நோயாளிகளின் பிரதிநிதி மூவரிடமும் காட்டி, எது தகும், எது தகாது என்று தனித்தனியே கேளுங்கள். உதாரணத்துக்கு 5 புள்ளி என்று ஒத்துக்கொண்டார்கள் என வைத்துக்கொள்வோம். அந்த 5 எப்படி வந்தது என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். முடிவு வந்தபிறகு ‘4 கூடப் போதுமே’ என்று ஒருவர் நிச்சயம் சொல்வார்.

கடைசியாகத் தீங்கு. எந்தத் தீங்கு எந்த அளவில் தெரிந்தால் பலன் இருந்தும் விரிக்கமாட்டோம் என்பது. அரிய தீங்குகளுக்கு ஒரு எளிய கணக்கு கைவசம் இருக்கட்டும்: 400 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மை விகிதம் அதிகபட்சம் 3/400, அதாவது 0.75 சதவீதம் வரை இருக்கலாம் என்றுதான் 95% நம்பிக்கையோடு சொல்லமுடியும். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை ‘ஆபத்தே இல்லை’ என்று படிக்கும் பழக்கத்தை இந்த ஒரு எண் உடைக்கும்.

இடைவெளி எங்கே விழுகிறது

நம் உதாரணத்தில் வழக்கமான கவனிப்புப் பெறும் குழுவில் 400 பேர், போன் அழைப்பும் பெறும் குழுவில் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கவனிப்பில் 120 பேர் மறுபடி அட்மிட் ஆனார்கள், அதாவது 30 சதவீதம். போன் அழைப்புக் குழுவில் 88 பேர், 22 சதவீதம். வித்தியாசம் 8 புள்ளி. 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் உண்மை வித்தியாசங்களின் வீச்சு, 1.9 முதல் 14.1 வரை. பி-மதிப்பு 0.01-ஐ ஒட்டி வரும். பெரும்பாலான குழுக்களில் இந்த இடத்தில் கைதட்டல் கேட்கும்.

கொஞ்சம் பொறுங்கள். குறைந்தபட்சப் பயன் 5 புள்ளி என்று எழுதியிருக்கிறோம். இடைவெளியின் அடி 1.9. பலன் உண்டு என்பதில் சந்தேகம் குறைவு. தகும் அளவு உண்டா என்பதில் சந்தேகம் இன்னும் இருக்கிறது. ஒரு அட்மிஷனைத் தவிர்க்க 13 பேருக்கு அழைப்பு தேவை என்று சொல்லும்போது, அந்த எண் 8 பேராகவும் இருக்கலாம், 52 பேராகவும் இருக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

எனவே தீர்மானப் பக்கத்தில் ஒரு கோடு வரைந்து, சுழியத்தையும் 5-ஐயும் குறித்து, இடைவெளி விழக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் எதிரே செயலை எழுதுங்கள். இடைவெளி முழுவதும் 5-க்கு மேல் என்றால் விரிப்பது. முழுவதும் சுழியத்துக்கு மேல், ஆனால் 5-ஐத் தன்னுள் வைத்திருக்கிறது என்றால் (மேலே பார்த்தது இதுதான்) படிப்படியாக விரித்து, அளவீட்டை நிறுத்தாமல் தொடர்வது. சுழியத்தையும் 5-ஐயும் இரண்டையும் தன்னுள் வைத்திருந்தால், உதாரணமாக −2 முதல் 9 வரை என்றால், ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதவேண்டும். இதை ‘பலன் இல்லை’ என்று எழுதுவது தவறு, ‘போக்கு நல்லதாகத் தெரிகிறது’ என்று எழுதுவதும் அதே அளவு தவறு. இடைவெளி முழுவதும் 5-க்குக் கீழே என்றால் கைவிடுவது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: 0.5 முதல் 3.5 வரை வந்தால் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இருக்கும், ஆனாலும் தீர்மானம் கைவிடுவதுதான். பெரிய டிரையல்களில் இது அடிக்கடி நடக்கும். முழுவதும் சுழியத்துக்குக் கீழே என்றால் தீங்கு, உடனே நிறுத்துவது.

இதில் நடு நிலைகள் மூன்றுக்கும்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். இரு ஓரங்களிலும் யாருக்கும் வழிகாட்டி தேவைப்படாது.

இடைவெளியின் அகலமே தவறாக இருந்தால் இந்தக் கோடு முழுவதும் பயனற்றுப் போகும். ரேண்டமைசேஷன் நோயாளிவாரியாக இல்லாமல் வார்டுவாரியாக நடந்திருந்தால், ஒரே வார்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். வார்டுக்கு 30 பேர், கொத்துக்குள் ஒட்டுறவுக் கெழு (ஒரே வார்டில் இருப்பவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு) 0.05 என்றால், வடிவமைப்பு விளைவு (ஆட்களின் எண்ணிக்கையை எதால் வகுக்கவேண்டும் என்ற எண்) 1 + 29 × 0.05 = 2.45. எண்ணூறு பேர் கிட்டத்தட்ட 327 பேருக்குச் சமம். மேலே உள்ள 1.9–14.1 இடைவெளி இப்போது −1.5 முதல் 17.5 வரை விரிந்துவிடும். அதே 30 சதவீதம், அதே 22 சதவீதம், ஆனால் ‘படிப்படியாக விரிப்பது’ என்ற பெட்டியிலிருந்து ‘தெரியவில்லை’ என்ற பெட்டிக்குப் போய்விட்டோம். கொத்துக்களைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்கும் பொறுப்பைப் புள்ளியியலாளர் அல்லாத ஒருவரிடம் கொடுங்கள். புள்ளியியலாளர் அதைச் செய்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது விட்டுப்போகும்.

பொய்த் தரவில் ஒத்திகை

பக்கம் எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஒரே அர்த்தத்தில் புரிந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. ஒத்திகை பார்த்தால்தான் தெரியும்.

முதலில் தரவு ஓடிவரும் குழாய்களை, அதாவது பகுப்பாய்வு நிரலைச் சோதியுங்கள். உண்மைத் தரவை எடுத்து, யார் எந்தக் குழு என்ற குறியீட்டை மட்டும் கலைத்துப்போட்டு, பகுப்பாய்வு நிரல் முழுவதையும் முதல் வரியிலிருந்து கடைசி அட்டவணை வரை ஓடவிடுங்கள். குறியீடு கலைந்திருப்பதால் உண்மைப் பலன் எதுவும் வெளியே தெரியாது. ஆனால் ஓட்டைகள் தெரியும்: முதல் அட்டவணையில் 440 பேர், மூன்றாவதில் 431, ஐந்தாவதில் 400 என்று வகுப்பெண் மாறிக்கொண்டே போகும், வயது 0 என்று நான்கு பேர் இருப்பார்கள், அட்மிட் ஆன தேதி வீடு திரும்பிய தேதிக்கு முன்னால் இருக்கும். இதெல்லாம் முடிவு திறந்தபிறகு தெரியவந்தால், திருத்துவது ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு இடமாகும். ‘பலன் குறைந்ததால் அந்த நான்கு பேரை நீக்கினீர்களா?’ என்று கேட்டால் பதில் சொல்லமுடியாது.

பிறகு ஆட்களைச் சோதியுங்கள். புள்ளியியலாளர் நான்கு கற்பனை முடிவுத் தொகுப்புகளைத் தயாரிக்கட்டும், ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். ஒன்றில் தெளிவான பலன். ஒன்றில் 1.9–14.1 போன்ற நடு நிலை. ஒன்றில் மொத்தத்தில் பலன் இல்லை, ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் பளிச்சென்று ஒன்று தெரிகிறது. ஒன்றில் நல்ல பலன், கூடவே எதிர்பாராத தீங்கு. கூட்டத்துக்குத் தொண்ணூறு நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு தொகுப்பைக் கொடுத்துப் பத்து நிமிடம் மௌனம். ஒவ்வொருவரும் தாளில் நான்கு விஷயம் எழுதவேண்டும்: தீர்மானம் என்ன, ஒரு வரிக் காரணம், நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை, எந்தத் தகவல் கிடைத்தால் மனம் மாறும். தாள்களைச் சேகரித்தபிறகுதான் பேச்சு. பேச்சும் பணியில் இளையவரிடமிருந்து தொடங்கவேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மீதிப் பேர் அவர் சொன்னதற்குக் காரணம் தேடும் வேலையைத்தான் செய்வார்கள்.

தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். ஒரே தொகுப்புக்கு ஒருவர் ‘விரிப்பது, 85’ என்றும் இன்னொருவர் ‘மறு டிரையல், 70’ என்றும் எழுதியிருப்பார்கள். இருவரையும் வாதாடவிட்டு ஒருமித்த கருத்துக்குக் கொண்டுவருவது இங்கே நோக்கம் ஆகாது. எந்த வார்த்தையை இருவரும் வேறுவிதமாகப் படித்தார்கள் என்று கண்டுபிடித்து, அந்த வார்த்தையைத் தீர்மானப் பக்கத்தில் திருத்துங்கள். ‘படிப்படியாக விரிப்பது’ என்று எழுதியிருந்தது ஒருவருக்கு மூன்று வார்டு, இன்னொருவருக்குப் பாதி மருத்துவமனை என்று பட்டிருக்கும். எத்தனை வார்டு, எத்தனை மாதம், எந்த எண் எதற்குக் கீழே போனால் நிறுத்துவது என்று எழுதிவிட்டால் அடுத்த சுற்றில் தாள்கள் ஒன்றுபடும். மூன்றாவது தொகுப்பில்தான் பெரும்பாலும் அதிகம் பிரிவார்கள். துணைக்குழுப் பளபளப்புக்கு அவ்வளவு ஈர்ப்பு.

புள்ளியியல் பாடம் ஏதும் தேவையென்றால் இந்த ஒத்திகையின் நடுவிலேயே, தேவை எழும் இடத்தில், ஐந்து நிமிடம் எடுங்கள். நேரடி வித்தியாசமும் ஒப்பீட்டு வித்தியாசமும் எப்படி வேறுபடும் என்பது (8 புள்ளிக் குறைவைத்தான் ‘27 சதவீதம் குறைந்தது’ என்றும் எழுதுவார்கள்), நம்பிக்கை இடைவெளியைப் படிப்பது, விடுபட்ட தரவு, பலமுறை சோதித்தால் வரும் பொய் அறிகுறி. இந்த நான்கும் கைவந்தால் போதும்.

விடுபட்டவர்கள், கடைப்பிடிக்காதவர்கள்

மேலே 400 பேர் என்று சொன்னது, கடைசிவரை தகவல் கிடைத்தவர்கள் மட்டும். ஒவ்வொரு குழுவிலும் 440 பேரைச் சேர்த்து, 40 பேர் தொடர்பு இல்லாமல் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வெறும் 9 சதவீதம்தானே’ என்று கடந்துவிடாமல், ‘விடுபட்டவர்களுக்கு என்ன நடந்திருந்தால் நம் தீர்மானம் மாறும்?’ என்று கேளுங்கள். வழக்கமான கவனிப்பில் விடுபட்ட 40 பேருக்கும் அதே 30 சதவீதம் என்று கொள்வோம். அழைப்புக் குழுவில் விடுபட்ட 40 பேரில் 19 பேர் மறுபடி அட்மிட் ஆகியிருந்தால், வித்தியாசம் 5.7 புள்ளியாகச் சுருங்கி இடைவெளியின் அடி சுழியத்தைத் தாண்டிக் கீழே போய்விடும். இப்போது கேள்வி எல்லோருக்கும் புரியும்படி ஆகிவிட்டது: தகவல் கிடைத்தவர்களில் 22 சதவீதம் இருக்கும்போது, கிடைக்காதவர்களில் 47.5 சதவீதம் என்பது நம்பக்கூடியதா? போனை எடுக்காததற்குக் காரணமே வேறு மருத்துவமனையில் படுத்திருப்பதாக இருந்தால், நம்பக்கூடியதுதான். இந்தப் பதிலை வார்டு நர்ஸ் சொல்லவேண்டும், நிரல் சொல்லாது. முறையான பகுப்பாய்வில் பன்முறை இட்டுநிரப்பல் (விடுபட்ட இடங்களைப் பல விதமாக மதிப்பிட்டு நிரப்பிப் பார்ப்பது) எல்லாம் வரும். தீர்மானிக்கும் குழுவுக்கு இந்தக் கவிழும் புள்ளி ஒன்றே பெரிய தெளிவைத் தரும்.

நான்கு அழைப்பையும் எடுத்தவர்களை மட்டும் தனியே பார்க்கலாமே என்ற ஆசை கண்டிப்பாக எழும். அதற்கு, மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த கரோனரி டிரக் புராஜெக்ட் என்ற டிரையலின் 1980-ல் வெளியான முடிவைக் காட்டுங்கள். கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்தாண்டு இறப்பு 15.0 சதவீதம், ஒழுங்காக எடுக்காதவர்களில் 24.6 சதவீதம். மருந்தின் மகிமை என்று தோன்றும். மருந்தே இல்லாத போலி மாத்திரையான பிளாசிபோவை ஒழுங்காக எடுத்தவர்களிலும் 15.1 சதவீதம்தான், எடுக்காதவர்களில் 28.2 சதவீதம். ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் வேறு வகை மனிதர்கள். அதனால் ஒதுக்கப்பட்ட குழுவிலேயே எல்லோரையும் வைத்துச் செய்யும் பகுப்பாய்வுதான் தீர்மானத்துக்கு அடிப்படை.

கடைப்பிடிப்புத் தகவலைத் தூக்கி எறியவும் வேண்டாம். பலன் தெரியாதபோது அது வேறொரு கேள்விக்குப் பதில் தரும்: திட்டம் வேலை செய்யவில்லையா, திட்டமே நடக்கவில்லையா? நான்கு அழைப்பில் சராசரியாக ஒன்றரைதான் நடந்தது என்றால், ‘போன் அழைப்பால் பயனில்லை’ என்று எழுத நமக்கு உரிமையில்லை. ‘இந்த மருத்துவமனை இருக்கும் நிலையில் நான்கு அழைப்பு செய்யமுடியவில்லை’ என்று எழுதலாம். அதுவும் ஒரு தீர்மானத்துக்கு வழி. எவ்வளவு நடந்தால் ‘நடந்தது’ என்று ஏற்போம் என்ற எண்ணையும் (உதாரணமாக, 70 சதவீதம் பேருக்குக் குறைந்தது மூன்று அழைப்பு) முன்பே எழுதிவையுங்கள்.

இடையில் எட்டிப்பார்ப்பது

டிரையல் நடந்துகொண்டிருக்கும்போதே தரவைப் பார்க்கும் ஆசை இயல்பானது, விலை அதிகம். உண்மையில் எந்தப் பலனும் இல்லாத சிகிச்சையை, சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் பி-மதிப்புக்கு 0.05 என்ற எல்லையையே வைத்தால், எங்காவது ஒரு முறை பொய்யாக ‘பலன் உண்டு’ என்று வரும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகிறது. பத்து முறை பார்த்தால் 19. அதனால்தான் நிறுத்தும் எல்லைகள். தொடக்கத்தில் மிகக் கடுமையான எல்லை வைக்கும் ஓ’பிரையன்–ஃபிளெமிங் முறையில் இரண்டே முறை பார்ப்பதென்றால், பாதி வழியில் 0.005-க்குக் கீழே வந்தால்தான் நிறுத்தலாம், கடைசியில் 0.048. பாதி வழியில் 0.03 என்று வந்தால் நிறுத்த அது போதாது என்று பொருள்.

எட்டிப்பார்க்கும் அதிகாரம் சுயேச்சையான தரவுக் கண்காணிப்புக் குழுவுக்கு மட்டும் இருக்கட்டும். ஆய்வுக்குழுவில் யாருக்கும் கூடாது, முதன்மை ஆய்வாளர் உட்பட. அந்தக் குழு சொல்லக்கூடியது ‘தொடருங்கள்’, ‘மாற்றித் தொடருங்கள்’, ‘நிறுத்துங்கள்’ என்ற மூன்று மட்டுமே. பலனுக்காகச் சீக்கிரம் நிறுத்திய டிரையல்களில் தெரியும் பலன் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். அலை உச்சிக்குப் போன நேரம் பார்த்து நிறுத்துகிறோம் அல்லவா? தீர்மானப் பக்கத்தில் ‘முன்கூட்டி நிறுத்தப்பட்டால்’ என்று தனியாக ஒரு வரி சேர்த்து, அந்த மதிப்பீட்டைக் குறைத்து எடுத்துக்கொள்வோம் என்று எழுதுங்கள்.

துணைக்குழுவும் பதிலியும்

பத்துத் துணைக்குழுக்களைத் தனித்தனியே 0.05-ல் சோதித்தால், பலனே இல்லாதபோதும் குறைந்தது ஒன்றில் ஏதோ தெரிவதற்கு 40 சதவீத வாய்ப்பு. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 டிரையலில் 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஆஸ்பிரின் இறப்பைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. துணைக்குழுக்கள் எப்படி ஏமாற்றும் என்று காட்டுவதற்காகவே ராசிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிதுன ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரின் பயன்படாதது போலவும் சற்றுத் தீங்கு போலவும் வந்தது. வயது, பாலினம், நோய்த் தீவிரம் என்று பிரிக்கும்போது காரணம் கற்பிப்பது சுலபம் என்பதால் அதே ஏமாற்று நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

துணைக்குழுவையே நம்பக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. ரெகவரி டிரையலில் கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெதசோன் கொடுத்தபோது 28 நாள் இறப்பு, மொத்தத்தில் 25.7-லிருந்து 22.9 சதவீதமானது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 41.4-லிருந்து 29.3. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில் 14.0-க்கு எதிராக 17.8, தீங்கு நிரூபணமாகவில்லை, பலனுக்கு அறிகுறியும் இல்லை. இந்தப் பிரிவு முன்பே திட்டமிடப்பட்டது, நோய் முற்ற முற்றப் பலன் கூடுகிறது என்ற வரிசை தெரிந்தது, அழற்சியை அடக்கும் மருந்து என்பதால் உயிரியல் காரணமும் பொருந்தியது. உங்கள் பக்கத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று துணைக்குழுக்களை எந்தத் திசையில் எதிர்பார்க்கிறீர்கள் என்பதோடு எழுதுங்கள். சோதிக்கவேண்டியது குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டை, ‘ஆண்களில் 0.03, பெண்களில் 0.20’ என்ற ஒப்பீடு எதையும் நிறுவாது. முதன்மைப் பலன் அளவுக்கே பெரிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக்கூட ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் தேவை.

பதிலி அளவீடுகளுக்கு, அதாவது நமக்கு வேண்டிய விளைவுக்குப் பதிலாக அளக்கும் வேறொன்றுக்கு, ஒரே எச்சரிக்கை போதும். மாரடைப்புக்குப் பின் இதயத்தில் வரும் கூடுதல் துடிப்புகளை என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளும் நன்றாகவே அடக்கின. துடிப்பு அடங்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பினார்கள். அதைச் சோதித்த காஸ்ட் டிரையலில் இந்த மருந்துகளைப் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், பிளாசிபோ பெற்ற 743 பேரில் 26 பேர். 1989-ல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். நம் உதாரணத்தில் ‘நோயாளியின் திருப்தி கூடியது’, ‘மருந்து பற்றிய அறிவு கூடியது’ என்பவை பதிலிகள். மறு அட்மிஷன் குறையாமல் அவை மட்டும் கூடினால் விரிப்பதில்லை என்று எழுதிவிடுங்கள்.

திறக்கும் நாள்

குழுக்களை அ, ஆ என்று மட்டும் பெயரிட்டு முதல் தொகுப்பைத் தரச்சொல்லுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள், முதன்மை விளைவு, தீங்குகள், இரண்டாம் நிலை விளைவுகள், முன்பே எழுதிய துணைக்குழுக்கள் என்ற வரிசையில் மட்டும் பக்கங்கள் வரட்டும். அழைப்பு எண்ணிக்கை அட்டவணையை இந்தத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது; அதைப் பார்த்த நொடியில் எது எந்தக் குழு என்று தெரிந்துவிடும். குழு இரண்டு பத்தி எழுதவேண்டும்: ‘அழைப்புக் குழு அ என்றால் நம் தீர்மானம் இது’, ‘ஆ என்றால் இது’. இரண்டுக்கும் கையெழுத்து. பிறகு குறியீட்டைத் திறப்பது.

திறந்த பிறகு ‘இதையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே’ என்று கோரிக்கைகள் குவியும். தடுக்கவேண்டாம். ஒரு தாளில் கேட்டவர் பெயர், கேள்வி, எந்தப் பதில் வந்தால் தீர்மானம் மாறும் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பகுப்பாய்வு கட்டுரைக்குப் போகலாம், தீர்மானக் கூட்டத்துக்கு வரவேண்டியதில்லை. நிரம்பியிருப்பவற்றுக்கு இரண்டு வாரக் கெடு வைத்து, ‘முடிவு பார்த்தபின் கேட்டது’ என்று அட்டவணையின் தலைப்பிலேயே அச்சிடச் சொல்லுங்கள். தலைப்பில் போடாமல் அடிக்குறிப்பில் போட்டால், அடுத்தவர் ஸ்லைடுக்கு எடுத்து ஒட்டும்போது அது விழுந்துவிடும்.